கொள்ளைநோயும் அரசாங்கக் கொள்கையும்



நாடுகளின் வரலாற்றை எழுதுவோர் அரசர்களையும் போர்களையும் ஒப்பந்தங்களையும் விரித்துரைப்பர். கொள்ளைநோய் ஒன்று வந்து போனதாயின், அவ்வாண்டில் மக்கள் பலர் மாண்டனர் என்று ஒரு வரி எழுதி அப்பாற் சென்றுவிடுவர். ஆனால், போர் முடிந்தபின் கையொப்பமிடப்படும் உடன்படிக்கை ஒரு நாட்டின் எல்லையை மாற்றுவதுபோல, கொள்ளைநோய் முடிந்தபின் இயற்றப்படும் சட்டமும் கட்டப்படும் வைத்தியசாலையும் அந்நாட்டு மக்களின் வாழ்நாளையே மாற்றிவிடக் கூடும். அவ்வாறு மாற்றியதற்கு நம் இலங்கைத் தீவே ஒரு சிறந்த சான்று.

கொள்ளைநோய் ஒன்று வந்து போனபின் அரசாங்கம் தன் போக்கை மாற்றிக்கொள்கின்றதா? மாற்றிக்கொள்ளுமாயின், அதற்குக் காரணம் நோயின் கொடுமை மட்டுந்தானா? அம்மாற்றம் நெடுங்காலம் நிலைத்து நிற்பதற்கு என்ன வேண்டும்? இம்மூன்று வினாக்களுக்கும் 1934ஆம், 1935ஆம் ஆண்டுகளில் இந்நாட்டை உலுக்கிய மலேரியாக் கொள்ளைநோயை வைத்து விடை காண முயல்வோம்.

முதலில் இடத்தை நோக்குவோம். நான் கற்பித்துவரும் புத்தளம் மாவட்டத்தின் கரையோரத்தை வரைபடத்திற் பாருங்கள். தென் எல்லையில் மாஓயா கடலை அடைகின்றது. சிலாபத்தின் அருகே தெதுறு ஓயா கடலொடு கலக்கின்றது. அதற்கு வடக்கே மீ ஓயா புத்தளம் களப்பிற் சேர்கின்றது. வட எல்லையில் கலா ஓயா பாய்கின்றது. சிலாபத்துக்குத் தெற்கே மழை சற்று மிகுந்த தென்னஞ்சோலைகள். புத்தளத்தை அணுக அணுக உப்பளமும் முட்புதரும் குளமும் நிறைந்த வறண்ட பூமி. ஈரநிலமும் வறள்நிலமும் ஒன்றையொன்று தொடும் இடம் இது. அக்காரணத்தாலேயே மலேரியாவின் இரு முகங்களையும் கண்ட மண்ணும் இதுவாயிற்று.

இரு முகங்கள் என்றது என்னை? வறண்ட பகுதியில் மலேரியா ஆண்டுதோறும் வந்து குடியிருந்த நோய். எம் முன்னோர் அதனைக் குளிர்காய்ச்சல் என்றும் முறைக்காய்ச்சல் என்றும் அழைத்தனர். அதற்கு அவர்கள் அறிந்த மருந்து கொயினா ஒன்றே. அங்கே பிறந்த குழந்தைகளிற் பலர் அந்நோயால் மடிந்தனர். பிழைத்தவர்கள் அதனைத் தாங்கும் ஆற்றலை ஓரளவு பெற்று, மெலிந்த உடலோடு வாழ்ந்தனர். ஈரப்பகுதியிலோ மலேரியா அரிதாகவே வந்தது. வந்தால் நெருப்பைப்போற் பரவியது. அங்குள்ள மக்களின் உடலில் அதனை எதிர்க்கும் பழக்கம் இல்லாமையே அதற்குக் காரணம்.

ஓர் ஊரில் மலேரியா எவ்வளவு வேரூன்றியுள்ளது என்பதை அளந்தறிய, அக்காலச் சுகாதார அதிகாரிகள் பாடசாலைகளை நாடினர். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, வயிற்றின் இடப்புறத்தை விரல்களால் அழுத்தி, மண்ணீரல் வீங்கியுள்ளதா என்று பார்த்தனர். நூறு பிள்ளைகளில் எத்தனை பேருக்கு வீக்கம் உண்டோ, அதுவே அவ்வூரின் மண்ணீரல் வீதம் எனப்பட்டது. ஒரு பாடசாலை அதிபருக்கு இதனினும் துயரந்தரும் வரவேடு வேறு இருத்தல் இயலாது. ஆயினும் இக்கணக்கெடுப்பு நமக்கு ஓர் உண்மையைப் புலப்படுத்துகின்றது. நோய் எங்கே இருக்கின்றது என்பதை அரசாங்கம் 1934ஆம் ஆண்டுக்கு முன்னரே அறிந்திருந்தது. மலேரியாத் தடுப்பு வேலை 1911ஆம் ஆண்டிலேயே நமக்கு அயலிலுள்ள குருநாகலிலே தொடங்கப்பட்டது. கார்ட்டர் என்னும் பூச்சியியல் அறிஞர், இந்நாட்டு மலேரியாவையும் அதனைப் பரப்பும் நுளம்புகளையும் ஆராய்ந்து 1927ஆம் ஆண்டில் அறிக்கை வெளியிட்டார். ஆகவே அறிவு இருந்தது. அவ்வறிவு கிராமத்தின் வாசலை அடையவில்லை என்பதே குறை.

இனி 1934ஆம் ஆண்டின் நிகழ்ச்சிகளுக்கு வருவோம். மழை ஒழுங்காகப் பெய்யும் ஆண்டுகளில் தென்மேற்குப் பருவக்காற்றின் வெள்ளம் ஆறுகளை நிறைத்து ஓடும். நுளம்பின் முட்டைகளையும் குடம்பிகளையும் அடித்துச் செல்லும். அவ்வாண்டில் பருவமழை பொய்த்தது. மாஓயாவும் தெதுறு ஓயாவும் ஓடாமல் நின்றன. மணற்படுகையில் ஆங்காங்கே தெளிந்த நீர்த் தேக்கங்கள் எஞ்சின. அவற்றின்மீது வெயில் நேரே விழுந்தது. மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் குலிசிபேசிஸ் என்னும் நுளம்பு விரும்பி முட்டையிடுவது அத்தகைய தெளிந்த, வெயில்பட்ட நீரிலேதான். வழக்கமாக நோயைத் தடுத்துவந்த ஆறே அவ்வாண்டு நோயின் தொட்டிலாயிற்று. வறட்சியால் வளர்ந்த இந்நோயைச் சேற்று நிலத்தின் நோய் என்றே எண்ணியிருந்தோர் திகைத்து நின்றனர்.

அக்டோபர் மாதத்தின் பின்னர்க் காய்ச்சல் பெருகிற்று. கேகாலை, குருநாகல் மாவட்டங்கள் அதன் நடுக்களமாயின. ஆறுகளின் போக்கையே பின்பற்றி அது மேலும் கீழும் பரவிற்று. ஏறத்தாழ 53 இலட்சம் மக்கள் வாழ்ந்த தீவில் ஏறக்குறைய 15 இலட்சம் பேர் நோயுற்றனர் என்றும், சில மாதங்களுள் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர் என்றும் கணக்கிடப்பட்டுள்ளது. நாட்டு மக்களுள் நால்வரில் ஒருவருக்கு மேல் படுக்கையிற் கிடந்தனர் என்றால், வயலில் இறங்கவும் தண்ணீர் முகந்து தரவும் இறந்தவரைச் சுமந்து செல்லவும் ஆள் இல்லாத வீடுகள் எத்தனை இருந்திருக்கும்! மாண்டவர்களுட் பெரும்பகுதியினர் குழந்தைகள்.

இத்தனை உயிர்களை நுளம்பு மட்டுமே கொன்றது என்று கூறுதல் பொருந்தாது. 1929ஆம் ஆண்டு தொடங்கிய உலகப் பொருளாதார வீழ்ச்சியால் தேங்காயின் விலையும் இறப்பரின் விலையும் சரிந்திருந்தன. வறட்சியால் நெல்லும் பொய்த்தது. பசித்த உடலில் நோய் புகுந்தபோது அவ்வுடல் தாங்கவில்லை. அக்காலத்து அரசாங்க அறிக்கைகளே இதனை ஏற்றுக்கொண்டன. வைத்திய சேவைப் பணிப்பாளர் பிரையர்க்ளிப்பும், இந்தியாவில் அனுபவம் பெற்ற கர்னல் கில்லும் நோயைப் பற்றி அறிக்கை எழுதினர். நோயாலும் உணவுக் குறைவாலும் எழுந்த இடரைப் போக்க நியமிக்கப்பட்ட ஆணையாளர் விக்கிரமசிங்கா நிவாரணப் பணியைப் பற்றி எழுதினார். நோயும் பசியும் ஒருசேர ஆராயப்பட்டமையை இங்கே குறித்துக்கொள்ளுதல் வேண்டும்.

நிவாரண வேலையோ தொடக்கத்தில் தளர்நடையாகவே இருந்தது. வைத்தியசாலைகள் பெரும்பாலும் நகரங்களிலும் தோட்டப்பகுதிகளை அடுத்தும் இருந்தன. கிராமத்து நோயாளி பல மைல் நடந்து அங்கே செல்லுதல் வேண்டும். காய்ச்சலில் நடுங்குகின்றவன் எவ்வாறு நடப்பான்? ஆதலின் மருந்து நோயாளியைத் தேடிச் செல்லவேண்டியதாயிற்று. பாடசாலைக் கட்டடங்களும் பொது மண்டபங்களும் தற்காலிக மருந்து நிலையங்களாயின. கொயினாவும் பாலும் அரிசியும் அங்கே வழங்கப்பட்டன. அரசாங்கத்தின் கை எட்டாத இடங்களில் தொண்டர்கள் இறங்கினர். அவர்களுள் சூரியமல் இயக்கத்து இளைஞர் குறிப்பிடத்தக்கவர். டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்கா, என். எம். பெரேரா, பிலிப் குணவர்த்தனா முதலியோர் கிராமங்களுட் சென்று மருந்தும் உணவும் கொடுத்தனர். பருப்பை மூட்டையாகக் கொண்டுசென்று வழங்கிய காரணத்தால் பெரேரா அவர்களுக்குப் 'பருப்பு மாத்தையா' என்னும் பெயரே நிலைத்தது.

இங்கேதான் நம் இரண்டாவது வினா எழுகின்றது. இதற்கு முன்னரும் இத்தீவில் கொள்ளைநோய்கள் வந்தன. மலேரியாவே இருபதாம் நூற்றாண்டின் முதல் முப்பது ஆண்டுகளில் பன்முறை பெருகித் தணிந்தது. 1918ஆம் ஆண்டில் உலகெங்கும் பரவிய இன்புளுவென்சாக் காய்ச்சலும் இங்கே மிகுந்த உயிர்ச்சேதத்தை விளைத்தது. அந்நோய்களுக்குப் பின்னர்க் கிராமந்தோறும் வைத்தியசாலை எழவில்லை. 1935ஆம் ஆண்டுக்குப் பின்னர் மட்டும் எழுந்தது ஏன்?

விடை 1931ஆம் ஆண்டில் இருக்கின்றது. டொனமூர் அரசியற்றிட்டத்தின்படி அவ்வாண்டில் இலங்கையில் 21 வயது நிரம்பிய ஆண்களுக்கும் பெண்களுக்கும் வாக்குரிமை கிடைத்தது. ஆசியாவில் அத்தகைய உரிமை பெற்ற முதல் நாடுகளில் இலங்கை முன்னின்றது. தோட்டத் தொழிலாளராகிய இந்தியத் தமிழர் பலருக்கு அவ்வுரிமை முழுமையாகக் கிடைக்கவில்லை என்பதும் உண்மையே. ஆயினும் தெதுறு ஓயாக் கரையிலே காய்ச்சலில் கிடந்த ஏழை உழவனின் கையில், அவன் தந்தைக்கு இல்லாத ஒரு கருவி இருந்தது. அடுத்த தேர்தல் 1936ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வந்தது. நோயின் தழும்பு ஆறாத மக்கள் வாக்களிக்கச் சென்றனர். நோய்க்காலத் தொண்டில் ஈடுபட்டவர்கள் 1935ஆம் ஆண்டின் இறுதியில் நிறுவிய லங்கா சமசமாஜக் கட்சியிலிருந்து, என். எம். பெரேரா ருவான்வெல்லையிலும் பிலிப் குணவர்த்தனா அவிசாவளையிலும் வெற்றி பெற்றனர். அரசாங்க சபையின் மற்றை உறுப்பினரும் அதன் பொருளை உணராதிருக்கவில்லை. தத்தம் தொகுதிக்கு ஒரு மருந்தகம், ஒரு சிறு வைத்தியசாலை, ஒரு மருத்துவிச்சி வேண்டும் என்று கேட்பதே உறுப்பினரின் முதற் கடமையாயிற்று.

ஆகவே நேயர்களே, நோய் ஒரு வினாவை எழுப்பியது. அவ்வினாவுக்கு விடை கேட்கும் உரிமை மக்களிடம் இருந்தது. வினா மட்டும் இருந்து உரிமை இல்லாதிருந்தால், 1918ஆம் ஆண்டைப்போல் மக்கள் அழுது புலம்பி ஓய்ந்திருப்பர். உரிமை மட்டும் இருந்து வினா எழாதிருந்தால், கிராமத்து வைத்தியசாலைக்கு முன்னர் வேறு பல செலவுகள் வரிசையில் நின்றிருக்கும்.

விளைந்த மாற்றங்களைச் சுருக்கமாகக் கூறுகின்றேன். களுத்துறையில் 1926ஆம் ஆண்டில் ரொக்பெல்லர் மன்றத்தின் துணையோடு ஒரு சோதனையாகத் தொடங்கப்பட்ட சுகாதார அலகு என்னும் முறை, பின்னர் நாடெங்கும் விரிந்தது. ஒரு குறித்த பரப்பிலுள்ள மக்கள் அனைவரின் நலத்துக்கும் ஒரு சுகாதார வைத்திய அதிகாரி பொறுப்பு. அவருக்குக் கீழே சுகாதாரப் பரிசோதகரும் தாதியும் மருத்துவிச்சியும் வீடுவீடாகச் செல்வர். நோய் வந்தபின் மருந்து கொடுப்பதோடு நில்லாமல், நோய் வருமுன் வீட்டுக்குச் செல்லுதல் அம்முறையின் உயிர்நாடி. இதனோடு சிறு வைத்தியசாலைகளும் மருந்தகங்களும் கிராமப்புறங்களிற் பெருகின. 1951ஆம் ஆண்டில் அரசாங்க வைத்தியசாலைகளில் நோயாளர் கட்டணம் நீக்கப்பட்டது. ஆஸ்திரேலியரான டாக்டர் கம்ஸ்டன் 1950ஆம் ஆண்டில் அளித்த அறிக்கையை அடியொற்றி, 1952ஆம் ஆண்டில் சுகாதார சேவைகள் சட்டம் வந்தது. 1970களில் வெளிநோயாளரிடம் ஒரு சிறு கட்டணம் அறவிடப்பட்டதுண்டு. 1977ஆம் ஆண்டில் அதுவும் நீங்கிற்று. எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் இலவச வைத்தியம் என்னும் அடித்தளத்தைப் பெயர்த்தெடுக்கத் துணியவில்லை.

இரண்டாம் உலகப் போரின் முடிவில் டி.டி.ற்றி. என்னும் பூச்சிகொல்லி மருந்து வந்து சேர்ந்தது. 1946ஆம் ஆண்டு முதல் வீடுகளின் சுவர்களில் அது தெளிக்கப்பட்டது. அக்காலத்தில் மலேரியாத் தடுப்புத் துறையில் உழைத்து, இந்நாட்டு மலேரியாவைப் பற்றி எழுதியவர்களுள் டாக்டர் எஸ். இராஜேந்திரம் என்னும் தமிழரும் ஒருவர். 1946ஆம் ஆண்டில் ஆயிரம் பேருக்கு ஏறத்தாழ 20 ஆக இருந்த இறப்பு வீதம், 1947ஆம் ஆண்டில் ஏறத்தாழ 14 ஆகக் குறைந்தது. ஒரே ஆண்டில் நிகழ்ந்த இவ்வீழ்ச்சியை உலக அறிஞர் வியந்து ஆராய்ந்தனர். டி.டி.ற்றி.யே இதனைச் செய்தது என்றார் ஒரு சாரார். வைத்தியசாலைகளின் பெருக்கமும் உணவு நிலைமையின் சீர்திருத்தமும் சேர்ந்தே செய்தன என்றார் மற்றொரு சாரார். அவ்வாதத்தின் தீர்ப்பு எதுவாயினும், மருந்து தெளிக்கச் சென்றவர்களுக்கு வழிகாட்டவும், நோயுற்றவரைக் கண்டுபிடிக்கவும், பிரசவத்தில் தாயைக் காக்கவும் 1935ஆம் ஆண்டுக்குப் பின்னர் எழுந்த அமைப்பு காத்திருந்தது என்பது மறுக்க இயலாத உண்மை.

மலேரியா பின்வாங்கியதால் வறண்ட பகுதிகளிற் பெருங் குடியேற்றத் திட்டங்களும் இயலுவனவாயின. அவை நாட்டின் நெல் விளைவைப் பெருக்கின. மக்கட் பரம்பலை மாற்றிப் பின்னாளைய அரசியற் பிணக்குகளுக்கும் காரணமாயின. ஒரு நுளம்பை விரட்டியதன் விளைவு தேர்தற் தொகுதியின் எல்லைவரை சென்றது என்றால், கொள்ளைநோயின் கை எவ்வளவு நீளமானது என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

மூன்றாவது வினா, மாற்றம் நிலைப்பதற்கு என்ன வேண்டும் என்பது. இதற்கும் மலேரியாவே பாடம் புகட்டியது. 1963ஆம் ஆண்டில் நாடு முழுவதிலும் கண்டறியப்பட்ட மலேரியா நோயாளர் 17 பேர் மட்டுமே. அவர்களிலும் பலர் வெளிநாட்டிலிருந்து நோயோடு வந்தவர்கள். நோய் ஒழிந்தது என்று அனைவரும் மகிழ்ந்தனர். மருந்து தெளித்தல் நிறுத்தப்பட்டது, கண்காணிப்புத் தளர்ந்தது. 1967ஆம் ஆண்டின் பின்னர் வறட்சி ஒன்று வந்தது. இரத்தினக்கல் அகழ்வோர் திரண்ட எலஹெரப் பகுதியிலிருந்து நோய் மீண்டும் புறப்பட்டது. 1969ஆம் ஆண்டில் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டிற்று. பழைய மருந்தைக் கொண்டு எதிர்த்தபோது, நுளம்பு அதற்குப் பழகிவிட்டது தெரியவந்தது. 1977ஆம் ஆண்டில் மலத்தியன் என்னும் வேறு மருந்துக்கு மாறவேண்டி வந்தது.

நோய் பெருகும்போது பணம் ஒதுக்குதல் எளிது; பிணங்கள் கண்ணெதிரே கிடக்கும். நோய் மறைந்தபின் அதே பணத்தைத் தொடர்ந்து ஒதுக்குதலே அரிது. நோயாளி இல்லாத நோய்க்கு ஏன் அலுவலகம், ஏன் அதிகாரி, ஏன் வாகனம் என்று கணக்காளர் கேட்பர். கேட்பது நியாயம் போலவே தோன்றும். வீட்டில் நெடுநாளாகத் திருடன் வரவில்லை என்பதற்காகக் கதவைக் கழற்றி விற்பதற்கு ஒப்பானது அது.

அப்பாடத்தைக் கற்றுக்கொள்ள இந்நாட்டுக்கு நெடுங்காலம் சென்றது. உள்நாட்டுப் போர் நடந்த ஆண்டுகளிலும் சுகாதார ஊழியர்கள் வடக்கிலும் கிழக்கிலும் தம் வேலையைக் கைவிடவில்லை. நோயாளி ஒருவர் கண்டுபிடிக்கப்பட்டால் அவரைச் சுற்றியுள்ள ஊர் முழுவதையும் சோதித்தல், வலைகளை வழங்குதல், குருதியைப் பரிசோதித்தல் என்று பொறுமையாக உழைத்தனர். உள்நாட்டிற் பரவிய மலேரியாவின் இறுதி நோயாளி 2012ஆம் ஆண்டு அக்டோபரிற் காணப்பட்டார். 2016ஆம் ஆண்டு செப்டம்பரில் இலங்கை மலேரியா நீங்கிய நாடு என்று உலகச் சுகாதார நிறுவனம் சான்று வழங்கியது. 80,000 உயிர்களைக் கொடுத்துத் தொடங்கிய பயணம் எண்பது ஆண்டுகளின் பின்னர் ஒரு கரையை அடைந்தது.

கரையை அடைந்தோம் என்று உறங்குதற்கு இடமில்லை. அதே 2016ஆம் ஆண்டின் இறுதியில் மன்னாரில் அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்னும் வேறு நுளம்பு கண்டுபிடிக்கப்பட்டது. அது கிணற்றிலும் தொட்டியிலும் வளரும், நகரத்திலும் வாழும். மன்னாருக்கும் எங்கள் புத்தளத்துக்கும் இடையே வில்பத்துக் காடு ஒன்றே இருக்கின்றது. வெளிநாட்டிலிருந்து நோயோடு வருவோர் ஆண்டுதோறும் காணப்படுகின்றனர். ஆகையால் மலேரியா உள்ள நாடுகளுக்குச் செல்வோருக்கு மலேரியாத் தடுப்பு இயக்கம் முற்காப்பு மாத்திரைகளை இலவசமாக வழங்குகின்றது. நோய் இல்லாத நாட்டில் இவ்வாறு விழித்திருப்பதே 1963ஆம் ஆண்டின் பாடத்தைக் கற்றுக்கொண்டமைக்கு அடையாளம்.

கொள்ளைநோய் எப்பொழுதும் நல்ல மரபையே விட்டுச் செல்லும் என்று எண்ணுதல் கூடாது. 1896ஆம் ஆண்டில் பம்பாயில் மகாமாரி என்னும் பிளேக் நோய் புகுந்தது. அதன் அச்சத்தால் 1897ஆம் ஆண்டில் இந்தியாவில் தொற்றுநோய்ச் சட்டம் பிறந்தது. அதே ஆண்டில் இலங்கையிலும் தனிமைப்படுத்தல், நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டம் பிறந்தது. கப்பலை நிறுத்தவும், மனிதனை அடைத்துவைக்கவும், பொருளை எரிக்கவும் அரசாங்கத்துக்கு அதிகாரம் தருவன அத்தகைய சட்டங்கள். அவை அந்நிய ஆட்சியின் காலத்தில், வாக்குரிமை இல்லாத மக்கள்மீது விதிக்கப்பட்டவை. நோயைத் தடுக்க அத்தகைய அதிகாரமும் வேண்டியதே; ஆயினும் அதிகாரம் கட்டளையிடுவதற்கு மட்டுமே கற்றுக்கொண்டு, கேட்டறிவதற்குக் கற்றுக்கொள்ளாவிடின் என்ன நேரும் என்பதை நாம் அண்மையில் கண்டோம்.

2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் கோவிட் நோய் இங்கே பரவத் தொடங்கியபோது, நாடு முழுவதும் ஊரடங்கு விதிக்கப்படுமுன்னரே, மார்ச்சு 18ஆந் திகதி புத்தளம், சிலாபம் பகுதிகளில் ஊரடங்கு விதிக்கப்பட்டது. இத்தாலியில் உழைத்துத் திரும்பியோர் இக்கரையோரத்தில் மிகுதி என்பது அதற்கு ஒரு காரணம். பாடசாலைகள் மூடப்பட்டன. 123 ஆண்டுகளுக்கு முன்னர் எழுதப்பட்ட அதே கட்டளைச் சட்டம் அலமாரியிலிருந்து எடுக்கப்பட்டது. அதே வேளையில் 1926ஆம் ஆண்டில் விதைக்கப்பட்டு, 1935ஆம் ஆண்டுக்குப் பின்னர்த் தழைத்த சுகாதார அலகு முறையும் தன் வேலையைத் தொடங்கிற்று. எங்கள் ஊர்களிலே வீடுவீடாகச் சென்று நோயாளரைத் தேடியவர் யார்? பொதுச் சுகாதாரப் பரிசோதகர். தடுப்பூசி ஏற்றுவதற்கு மக்களை அழைத்தவர் யார்? குடும்ப நல மருத்துவிச்சி. பழைய கொள்ளைநோய்கள் விட்டுச்சென்ற இரு மரபுகளும் ஒருசேரப் புதிய கொள்ளைநோயைச் சந்தித்தன.

அவற்றுள் ஒன்று தவறியது. 2020ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், அந்நோயால் இறந்தோர் அனைவரின் உடலையும் எரித்தல் வேண்டும் என்று விதி செய்யப்பட்டது. அடக்கம் செய்வதும் பாதுகாப்பானதே என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை கூறியிருந்தது. ஆயினும் 2021ஆம் ஆண்டு பெப்ரவரி இறுதிவரை அவ்விதி மாறவில்லை. இஸ்லாமியரும் கத்தோலிக்கரும் திரளாக வாழும் எங்கள் மாவட்டத்தில், நோயின் துயரத்தோடு இத்துயரமும் சேர்ந்தது. பின்னர் ஓட்டமாவடியில் அடக்கம் செய்ய இடமளிக்கப்பட்டது. 2024ஆம் ஆண்டு சூலை மாதத்தில் அமைச்சரவை அதற்காக மன்னிப்புக் கோரிற்று. மன்னிப்பு நல்லதே. ஆயினும் இனி எக்காலத்தும் ஆராய்ச்சியின் துணையின்றி, பாதிக்கப்படுவோரைக் கேளாமல், அத்தகைய விதி பிறவாதபடி சட்டத்தையே திருத்துதல் அம்மன்னிப்பினும் நல்லது. அவ்வச்சம் வைத்தியசாலையிலும் நுழைந்ததை மறத்தலாகாது. உடல் எரிக்கப்படுமோ என்று அஞ்சிய குடும்பம் நோயை மறைக்க எண்ணுமன்றோ? நோயை மறைக்கும் நாட்டில் எந்த மருந்து பயன் தரும்?

1935ஆம் ஆண்டின் மரபையும் 1897ஆம் ஆண்டின் மரபையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒன்று கிராமத்து நோயாளியிடம் அரசாங்கத்தை நடத்திச் சென்றது. மற்றொன்று அரசாங்கத்தின் முன்னே நோயாளியை நிறுத்தியது. ஒன்று நம்பிக்கையை வளர்த்தது. மற்றொன்று அச்சத்தை ஆண்டது. இரண்டும் கொள்ளைநோயின் பிள்ளைகளே. எதனை வளர்ப்பது என்பது பெற்றோர் கையில், அதாவது மக்களாகிய நம் கையில் இருக்கின்றது.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் அரசாங்க வைத்தியசாலைகளில் மருந்துகள் குறைந்ததை நீங்கள் அறிவீர்கள். வைத்தியர்களும் தாதியரும் பலர் வெளிநாடு சென்றனர். இத்தகைய காலத்தில், இலவச வைத்தியம் நாட்டுக்குத் தாங்கவொண்ணாப் பாரம் என்று சிலர் கூறுவது காதில் விழுகின்றது. அவர்களுக்கு ஒன்று நினைவூட்டுதல் வேண்டும். அதனை இந்நாடு செழித்திருந்த காலத்தில் தொடங்கவில்லை. தேங்காய்க்கு விலையின்றி, வயலில் விளைவின்றி, வீடுதோறும் பிணம் கிடந்த வறுமையின் நடுவிலேதான் அதற்கு வித்திட்டது. செல்வம் மிகுந்ததால் எழுந்த ஆடம்பரம் அன்று அது. வறுமையில் மக்கள் கற்றுக்கொண்ட சிக்கனம். ஒரு மருத்துவிச்சியின் சம்பளத்தை மிச்சம் பிடிக்கும் நாடு, பின்னர் ஒரு கொள்ளைநோயின் செலவைக் கட்டவேண்டி வரும்.

நேயர்களே, நான் கூறியவற்றைத் தொகுத்துரைக்கின்றேன். கொள்ளைநோய் தானாக எக்கொள்கையையும் மாற்றுவதில்லை. மாண்டவர்களை ஒளிக்காமல் எண்ணிச் சொல்லும் அறிக்கை வேண்டும். அவ்வறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு விடை கேட்கும் வாக்குரிமை வேண்டும். நோய் மறைந்தபின்னும் கைவிடாத விழிப்பு வேண்டும். இம்மூன்றும் கூடிய இடத்திலேதான் 1935ஆம் ஆண்டின் துயரம் நன்மையாக மாறிற்று. ஒன்று குறைந்த இடத்தில் 1969ஆம் ஆண்டு நிகழ்ந்தது. மற்றொன்று குறைந்த இடத்தில் 2020ஆம் ஆண்டு நிகழ்ந்தது.

இவற்றுள் விழிப்பு என்பது அமைச்சர்களுக்கும் அதிகாரிகளுக்கும் மட்டும் உரியதன்று. உங்கள் ஊருக்கு வரும் சுகாதாரப் பரிசோதகரை வாயிலில் நிறுத்தி அனுப்பாதீர்கள். கிணற்றையும் தொட்டியையும் திறந்து காட்டுங்கள். வெளிநாடு சென்று திரும்பியவருக்குக் காய்ச்சல் கண்டால், குருதியைப் பரிசோதிக்கும்படி அவரை வற்புறுத்துங்கள். உங்கள் கிராமத்து வைத்தியசாலையில் மருந்து இல்லையாயின், தேர்தலின்போது மட்டுமன்றி, அடுத்த நாளே உங்கள் பிரதிநிதியிடம் கேளுங்கள். பாடசாலைகளிலே எம் மாணவர் பானிப்பட்டுப் போர்களின் ஆண்டுகளை மனனம் செய்கின்றனர். 1934ஆம் ஆண்டைக் கேட்டால் விழிக்கின்றனர். அதனையும் அவர்களுக்குக் கற்பித்தல் ஆசிரியராகிய எங்கள் கடமை. தம் ஊரின் ஆறு ஒருகாலத்தில் எதனைச் சுமந்து வந்தது என்பதையும், அதன்பின் தம் ஊரில் வைத்தியசாலை எவ்வாறு எழுந்தது என்பதையும் அறிந்த பிள்ளை, நாளை அவ்வைத்தியசாலையின் கதவு மூடப்படுவதைப் பார்த்துக்கொண்டு வாளாவிருக்க மாட்டான்.